கதவு தட்டும் சத்தம்

ஆய்வுப் படிப்புக்காக மலேசியாவின் பினாங்குக்கு வந்த மூன்றாம் நாள் இரவு, சுங்கை டுவா பகுதியில் என் அறைக் கதவை வீட்டுக்கார ஆன்ட்டி தட்டினார். நான் விளக்கை அணைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினெட்டு வயது வரை அப்படித்தான் பழக்கம். புதுக்கோட்டைப் பக்கம், ஊரைவிட்டுத் தள்ளி எங்கள் வீடு. யார் தட்டினாலும் குரல் கொடுக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. மீறினால் பெல்ட். சொந்தக்காரர்கள் வருவதையே விட்டுவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடமும் நின்றது. அம்மா எதுவும் பேசமாட்டார். மளிகை சாமான் கட்டி வந்த தாள்களை மட்டும் நீவி, எனக்காக அரிசிப் பானைக்கு அடியில் வைப்பார்.

அப்படி ஒரு தாளில்தான் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு பற்றிப் படித்தேன். பன்னிரண்டரை வயது ஆகியிருந்தால் பள்ளிக்குப் போகாமலே எழுதலாம். அப்பா லாரியில் வெளியூர் போன நாட்களில் என் பழைய டீச்சர் புத்தகம் கொண்டுவந்து தருவார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது அம்மா. அதற்காக அவர் பட்டதை என்னால் இன்றும் எழுத முடியவில்லை.

எட்டு, பத்து, பன்னிரண்டு எல்லாமே தனித்தேர்வு. அப்புறம் அரசுக் கல்லூரி, விடுதி. அங்கே ஒரே அறையில் பத்துப் பேர். யார் தட்டினாலும் வேறு யாராவது திறந்துவிடுவார்கள். தனி அறை எனக்குப் பினாங்கில்தான் முதல்முறை. பழைய பயம் அத்தனையும் அங்கே திரும்பி வந்தது.

மறுநாள் காலை கதவுப் பிடியில் ஒரு நாசி லெமாக் பொட்டலம், தேங்காய்ப்பால் சோறு, தொங்கியது. வாழையிலைக்கு மேல் தமிழ்ப் பத்திரிகைத் தாள். சாப்பிட்டுவிட்டு அந்தத் தாளை நீவி வைத்தபோதுதான் அழுதேன். ஆன்ட்டி ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் இந்த நாட்டின் முதல் தமிழ் வகுப்பு நடந்ததை அவர் சொல்லும்போது குரலில் அப்படியொரு பெருமை இருக்கும். அன்று இரவு பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பசிச்சா கீழ வா லா" என்றார், அவ்வளவுதான்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் ஆய்வு. அதன் மிண்டன் வளாகம் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ முகாமாம். இப்போது பெரிய மரங்களும் நிழலுமாக இருக்கிறது. ஹம்சா செண்டுட் நூலகத்தில் நாள் முழுக்க இருப்பேன். படிப்பது எனக்குச் சிரமமே இல்லை. கருத்தரங்கில்தான் தவித்தேன். வாயே திறக்காமல் தனித்தேர்வு எழுதிவிடலாம். இங்கே எழுந்து கேள்வி கேட்க வேண்டும், மறுத்துப் பேச வேண்டும். முதல் கேள்வியைக் கேட்க எனக்கு ஏழு மாதம் ஆனது. நெறியாளர் அதைக் கரும்பலகையில் எழுதி, எல்லோரையும் அது பற்றிப் பேசச் சொன்னார். என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, ஆனால் உட்காரவில்லை.

அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. அம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார். போன ஞாயிறு போனில் பேசிக்கொண்டிருந்தபோது அங்கே கதவு தட்டும் சத்தம் கேட்டது. என்னையறியாமல் நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

"இரும்மா, யாரோ வந்திருக்காங்க" என்றார் அம்மா. பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

"வாங்க, உள்ள வாங்க."