எத்தனையில் பத்தாயிரம்?

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பாட்டியின் பங்குப் பத்திரம் இன்னும் பத்திரமாக இருக்கிறது. வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கிய காலத்தில், வேலையையும் லயத்து வீட்டையும் இழக்கும் நிலையில் இருந்த தொழிலாளர்களே தோட்டங்களை வாங்கிக்கொள்ளட்டும் என்று, எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரான துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவிய கூலியிலிருந்து மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டி, நூறு வெள்ளிப் பங்கு ஒன்றைப் பாட்டி தமக்குச் சொந்தமாக்கிக்கொண்டார்.

சென்ற மாதம் எனக்கு இரண்டு வேலைகள் ஒன்றாக வந்தபோது அந்தப் பத்திரம்தான் நினைவுக்கு வந்தது. ஒன்று பினாங்கு பாயான் லெப்பாஸில் உள்ள பன்னாட்டு நிறுவனம். மற்றொன்று கோலாலம்பூரில் இருபது பேர் மட்டுமே உள்ள ஸ்டார்ட்அப். பின்னதில் சம்பளம் 1,500 ரிங்கிட் குறைவு, அதற்கு ஈடாகப் பத்தாயிரம் பங்குகள் தருவதாகச் சொன்னார்கள். எங்கே அதிகம் கற்கலாம் என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. நல்ல மேலாளர் வாய்த்தால் இரண்டு இடத்திலும் கற்கலாம்.

கடிதத்தை நிதானமாகப் படித்தபோதுதான், தரப்படுவது பங்கு அன்று, பின்னாளில் குறித்த விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே என்பது புரிந்தது. முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றும் இல்லை. முழு உரிமையும் கைக்கு வர நான்கு ஆண்டுகள் ஆகும். இடையில் நிறுவனம் விற்கப்பட்டால், முதலீட்டாளர்கள் தங்கள் பணத்தை முதலில் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதில்தான் எங்களுக்குப் பங்கு. புதிய முதலீடு வரும்போதெல்லாம் புதிய பங்குகள் வெளியிடப்படுவதால், என் பத்தாயிரம் அப்படியே இருந்தாலும் அதன் விகிதம் சுருங்கிக்கொண்டே போகும்.

எனக்கு இதில் பழைய காயமும் உண்டு. என் முதல் வேலை ஒரு சிறு நிறுவனத்தில்தான். சேமநிதிக்கென்று 11 விழுக்காட்டைச் சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டியவர்கள், ஐந்து மாதங்களாக அதைக் கட்டவேயில்லை என்பதைத் தற்செயலாகக் கணக்கைத் திறந்து பார்த்தபோதுதான் அறிந்தேன். (அம்மா இன்றும் எந்த வேலையைப் பற்றிச் சொன்னாலும், "சொக்சோ கட்டுவாங்களாடா?" என்று தொழிலாளர் காப்புறுதியைப் பற்றித்தான் முதலில் கேட்பார். முன்பெல்லாம் சிரிப்பேன்.)

ஆகவே கோலாலம்பூருக்கு இரண்டு கேள்விகளை எழுதி அனுப்பினேன்: கையிருப்புப் பணம் எத்தனை மாதங்களுக்குத் தாங்கும், மொத்தம் எத்தனை பங்குகளில் எனக்குப் பத்தாயிரம்? முதல் கேள்விக்குப் பதினான்கு மாதங்கள் என்று நேர்மையாகவே பதில் வந்தது. இரண்டாவதை, வேலையில் சேர்ந்த பிறகு சொல்வதாக எழுதியிருந்தார்கள்.

பாயான் லெப்பாஸ் கடிதத்தில் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டேன். அந்த ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால், அது சிறியதாக இருந்திருந்தாலும், கோலாலம்பூருக்கே போயிருப்பேன்; அந்த இருபது பேரும் செய்கிற வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.