ஹாரோ என்றால் கோயிலடி

லண்டனில் ஹாரோவில் வீடு எடுத்ததும் ஊரோடு கதைத்தால் முதல் கேள்வியே இதுதான்: "அது என்ன பேர், பிள்ளை? என்ன கருத்து?" புளியங்கூடல், வெற்றிலைக்கேணி என்று பெயரிலேயே மரத்தையும் கேணியையும் வைத்திருப்பவர்கள் கேட்கத்தானே செய்வார்கள். அகராதியைத் திறந்தால் ‘ஹாரோ’ என்பது பரம்பு, உழுத வயலில் கட்டி உடைக்கும் கருவி. "பரம்புக்கு ஒரு ஊரோ?" என்று மறுமுனையில் சிரிப்புக் கேட்கும். வந்தவர் முகம் சுருங்கிப்போகும்.

அகராதிப் பொருள் இங்கே பொருந்தாது. கருவியின் பெயரும் ஊரின் பெயரும் வேர் வேறான சொற்கள். பின்னாளில் ஒலி ஒன்றாகிவிட்டது. இன்றைய எழுத்தை வைத்து ஊர்ப்பெயரைப் பிரிக்கவே கூடாது. கிடைக்கிற மிகப் பழைய வடிவத்தைப் பிடித்து, ஆண்டு வரிசையில் இறங்கி வர வேண்டும்.

767இல் பழைய இங்கிலாந்தின் அரசுகளில் ஒன்றான மெர்சியாவின் மன்னன் ஓஃபாவின் பட்டயத்தில் ‘குமெனிங்கா ஹெர்கே’. 825இல் ‘ஹெயார்கெ’. 1086இன் நிலக் கணக்கான டூம்ஸ்டே பதிவேட்டில் ‘ஹெர்கெஸ்’. 1398இல் ‘ஹாரோ அட்டெ ஹில்லெ’ என்று குன்றும் சேர்ந்துகொண்டது. பழைய ஆங்கிலத்தில் ‘ஹெயார்க்’ என்றால் கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களின் கோயில். குமெனிங்கா என்ற குலத்தாரின் கோயில்!

அந்த ‘க்’ எங்கே போனது? மார்கழி என்னும்போது ‘க’ எவ்வளவு மெலிகிறது என்று சொல்லிப் பாருங்கள். அங்கேயும் ‘ர்’ஐ அடுத்து அப்படி மெலிந்து, ‘வ’ ஆகி, கடைசியில் ‘ஓ’வில் கரைந்தது. துயரம் என்ற பொருளுடைய ‘சோர்க்’ ‘சாரோ’ ஆனதும், எலும்பு மஜ்ஜையைக் குறித்த ‘மெயார்க்’ ‘மாரோ’ ஆனதும் இதே வழியில்தான். சரே மாவட்டத்தில் பெப்பர் ஹாரோ என்றொரு சிற்றூர் உண்டு. டூம்ஸ்டேயில் ‘பிபெரெஹெர்கெ’, அதன் வாலும் இதே கோயில்தான். பக்கத்து வெம்பிளி இத்தனை சிக்கலில்லை: 825இல் ‘வெம்பா லெயா’, வெம்பா என்பவனின் காட்டுவெளி.

குன்றின்மேல் புனித மரியாள் தேவாலயம் நிற்கிறது. கேன்டர்பரி பேராயர் லான்ஃப்ராங்க் தொடங்கியதை, அவருக்குப் பின் பேராயரான ஆன்செல்ம் 1094இல் அர்ப்பணித்தார். பழைய கோயில் இருந்த அதே இடம் என்று அடித்துச் சொல்லிவிடக் கூடாது. கோயில் இருந்ததைத்தான் பெயர் சொல்கிறது, எந்த மூலையில் என்று சொல்லவில்லை.

இனி இதுதான் நம் ஊர் என்று முகவரியை நிமிர்ந்து சொல்லலாம். கருத்துக் கேட்டால் கோயிலடி என்றால் போதும். உடனே மறுமுனையில், "எந்தக் கோயிலடி, பிள்ளையார் கோயிலடியோ?" என்பார்கள். தேர்முட்டியும், கேணிப்படியில் காயும் வேட்டியும், மார்கழி விடியலின் மணியும் வந்து நிற்கும்.