தை 16, சில்லாலை

2024 பொங்கலுக்கு மறுநாள். விடிய ஐந்தரைக்கே பெரியப்பா எங்கள் படலையில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, கையில் செபமாலை. இடம்பெயர்ந்த காலத்தில் அறுந்துபோன அந்தச் செபமாலையைப் பெரியம்மா பழுப்பு நூலால் முடிந்து கொடுத்திருந்தா. மூன்றாம் பத்து மணிகளுக்குள் இப்போதும் அந்த முடிச்சு இருக்கிறது. பெரியப்பாவின் பெருவிரல் அங்கே வந்தால் கொஞ்சம் நின்றுதான் போகும். பெரியம்மா போய் ஆறு வருடம்.

தை 16 புனித யோசப்வாஸ் முனிவரின் திருநாள். அன்றைக்கு யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமத்துக்குப் போய்ப் பூசை காண்பது எங்கள் வீட்டு நேர்த்தி.

ஆனைக்கோட்டை தாண்டும்வரை ஓட்டோவுக்குள் செபம். மானிப்பாயில் தொடங்கியது வாக்குவாதம்.

"ஐம்பது வருசம் மறைக்கல்வி படிப்பிச்சனான் பிள்ளை. மரண தண்டனை குடுக்க அரசுக்கு உரிமை இருக்கெண்டு புத்தகத்தில இருந்ததைத்தான் சொல்லிக் குடுத்தனான். 2018இல பாப்பரசர் பிரான்சிஸ் அதை மாத்திப்போட்டார். இப்ப மார்கழியில ஒரே பாலினச் சோடிகளுக்குக் குடுக்கிற ஆசீர்வாதத்தைப் பற்றி ஒண்டு வந்திருக்கு. ஆபிரிக்க ஆயர்மார் தங்கட இடத்தில அது நடக்காதெண்டு போன கிழமை சொல்லிப்போட்டினம். பாப்பரசர் விசுவாசத்தின்ர காவல்காரன், சொந்தக்காரன் இல்லை."

கடைசி வசனத்தை மறுக்க என்னால் முடியாது. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் பாப்பரசரின் போதனை தவறாது என்னும் தவறா வரத்தை அறிக்கையிட்டபோதுகூட, விசுவாசம், ஒழுக்கம் பற்றி அவர் முழுத் திருச்சபைக்கும் அறுதியாகப் பிரகடனம் செய்யும் வேளைக்குத்தான் அது என்று எல்லை போட்டது. அதற்குப் பிறகு அப்படி வந்த பிரகடனம் 1950இல் மாதாவின் விண்ணேற்பு ஒன்றுதான். மற்றப் போதனைகளைக் கீழ்ப்படிவோடு ஏற்கவேண்டும் என்று திருச்சபை கேட்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை. பெரியப்பா போன்ற ஒருவர் மனம் நொந்து கேள்வி கேட்பதைக் கலகம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ரொறன்ரோவில் இருக்கிற என் தங்கச்சிக்கு இதே பாப்பரசர் போதவில்லை. ஏன் இன்னும் தயங்குகிறார் என்று தொலைபேசியில் என்னோடு சண்டை பிடித்தாள். பெரியப்பாவுக்கு அவர் ஓடினார், அவளுக்கு அவர் நின்றார்.

சண்டிலிப்பாய் தாண்டி வலப்பக்கம் வயல் முற்றி நின்றது. பண்டத்தரிப்பிலிருந்து சில்லாலைக்குத் திரும்பும்போது பெரியப்பா பேச்சை நிறுத்திவிட்டுச் செபமாலையைக் கழுத்தில் போட்டார். இந்த நாளில் எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் போடுவோம். அதற்குக் காரணம் இருக்கிறது.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் அந்த வருடமே ஒரு கட்டளை போட்டார்கள்: கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்து ஒளித்து வைப்பவருக்கு மரண தண்டனை. அடுத்த 29 வருடம் இங்கே நிலையாக ஒரு குரு இல்லை. உரோமையில் அதற்குள் நான்கு பாப்பரசர்கள் இருந்தார்கள். ஒருவருடைய சொல்லும் இந்தச் சனத்தின் வீட்டு வாசலுக்கு வந்திராது. தாய்மார் சொல்லிக் கொடுத்த செபத்தில்தான் விசுவாசம் தங்கி நின்றது. 1687இல் கோவாவிலிருந்து யோசப்வாஸ் முனிவர் மாறுவேடத்தில் வந்து இறங்கினார். வயிற்றோட்டத்தில் விழுந்து கிடந்தவருக்கு ஒரு தாய் கஞ்சி ஊற்றிக் கொடுத்தா என்று சொல்லுவார்கள். பிறகு கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனாராம். செபமாலையைக் கண்டு எந்த வீட்டுக் கண் கலங்குகிறதோ அது நம்முடைய வீடு. சில்லாலை அவரை ஒளித்து வைத்தது. இராப் பூசை நடந்தது. 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் பாய்ந்து, பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிலர் அடித்து நொறுக்கப்பட்டார்கள், சிலர் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டார்கள். முனிவர் தப்பினார்.

அன்றைய பூசையில் எனக்குப் பிரசங்கம் காதில் ஏறவில்லை. ஒரே ஒரு எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. கஞ்சி கொடுத்த அந்தத் தாய் சட்டப்படி தூக்குக்குரியவள். எத்தனை வருடம் இங்கே வந்து முழந்தாளிட்டிருக்கிறேன், இதை ஒருநாளும் இப்படி நினைத்ததில்லை.

பூசை முடிந்து வெளியே வேப்பமர நிழலில் இருந்தோம். பெரியப்பா பையிலிருந்து போத்தலை எடுத்துத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"பெரியப்பா, 2019 ஆனி மாதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

அவர் பதில் சொல்லவில்லை. இலங்கையில் 1976க்குப் பிறகு ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் அன்றைய சனாதிபதி சிறிசேன, போதைப்பொருள் வழக்குகளில் நான்கு பேரைத் தூக்கிலிட ஒப்பமிட்டுவிட்டதாக அறிவித்தார். உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அந்தக் கிழமைதான் எங்கள் ஒழுங்கையில் ஒரு பொடியன் தூளால் செத்தான். பத்தொன்பது வயது. செத்தவீட்டில் நின்றுகொண்டு, "அவங்களைத் தூக்கினால்தான் திருந்தும்" என்று உரத்துச் சொன்னது பெரியப்பா இல்லை, நான். மரண தண்டனை மனித மாண்புக்கு எதிரானது, ஏற்கவே முடியாதது என்று மறைக்கல்வி ஏட்டில் எழுதி பத்து மாதம்தான் ஆகியிருந்தது. அதை வாசித்துச் சந்தோசப்பட்டவளும் நான்தான்.

இதை அவருக்குச் சொன்னேன். பாப்பரசருக்குக் கீழ்ப்படியவில்லை என்று மற்றவரைச் சுட்ட எனக்கு வாயில்லை என்றும் சொன்னேன்.

மாற்றம் ஒரு நாளில் விழவும் இல்லை. பாப்பரசரின் சொந்த ஆட்சிப் பகுதியில் 1870 வரை மரண தண்டனை நிறைவேற்றினார்கள். வத்திக்கான் நகரின் சட்டத்திலிருந்து அது 1969இல் எடுபட்டது. 1995இல் இரண்டாம் யோவான் பவுல், அதற்கு அவசியமான சந்தர்ப்பங்கள் இன்று மிக அரிது, இல்லையென்றே சொல்லலாம் என்று எழுதினார். 2018 அதன் அடுத்த படி. முந்தியதோடு இது முரண்படவில்லை, வளர்ச்சிதான் என்று உரோமை சொல்கிறது. எனக்கு அந்தச் சொல் போதவில்லை. முன்னைய பாப்பரசர்கள் ஆட்களைத் தூக்கியதைத் திருச்சபை வாய்திறந்து துக்கத்தோடு சொல்லவேண்டும். சொன்னால் பெரியப்பா போன்றவர்களின் மனமும் ஆறும், தங்களை யாரும் ஏமாற்றவில்லை என்றாவது தெரியும்.

"எங்கட முனிவருக்குப் புனிதர் பட்டம் எப்பிடிக் கிடைச்சது பெரியப்பா?"

அவருக்குத் தெரியும். 2015 தை 14, கொழும்பு காலிமுகத்திடல். பட்டத்துக்கு வேண்டிய இரண்டாவது புதுமை, அதாவது அற்புதம், நிரூபிக்கப்படாமலே, அந்த நிபந்தனையைத் தம் அதிகாரத்தால் தளர்த்திப் பாப்பரசர் பிரான்சிஸ்தான் பட்டம் கொடுத்தார். அன்று பின்னேரம் மடு மாதா கோவிலுக்கு வந்த பாப்பரசரைக் கண்டு பெரியப்பா அழுதது எனக்கு நல்ல ஞாபகம்.

"அது வேற பிள்ளை," என்றார். கொஞ்சம் கழித்து, "வேறதான்," என்றார், முதல் தரம் சொன்ன உறுதி இல்லாமல்.

ஒத்துக்கொள்ளவில்லை. ஆசீர்வாத விசயத்தில் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை, நானும் வற்புறுத்தியதில்லை. அவர் கவலைப்படுவது திருச்சபை மீதுள்ள பாசத்தால்.

திரும்பும்போது ஓட்டோவுக்குள் மற்றச் செபமாலையைத் தொடங்கினார். முடிச்சில் விரல் நின்று கடந்தது. ஐந்தாம் பத்து முடிந்து, வழமைபோல, "பாப்பரசரின் கருத்துகளுக்காக" என்று குரலெடுத்தார். ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மரியே. ஆனைக்கோட்டைச் சந்தியில் வாகனங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றன. அவருடைய குரல் அதற்கு மேலாகக் கேட்டது.