வட ஜப்பானின் பனிக்கு ஒரு பயணத் திட்டம்

குளிர்காலத்தில் வட ஜப்பானுக்குப் போக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் விமானக் கட்டணம் குறைந்த தேதியை முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு அந்தத் தேதிகளுக்குள் ஊர்களை அடுக்கத் தொடங்குகிறார்கள். வரும் பிப்ரவரியில் நாங்கள் போகவிருக்கும் பயணத்துக்கு நான் வேறொரு வரிசையைப் பின்பற்றுகிறேன். எந்த வகைப் பனியைப் பார்க்க வேண்டும், அது எந்த வாரங்களில் இருக்கும், அந்த நாட்களில் அங்கே தங்க அறை கிடைக்குமா என்ற மூன்றும் முடிவான பிறகே மற்ற எல்லாம். கோடையில் ஜப்பானுக்கு எப்படித் திட்டம் போட்டாலும் ரயில்கள் அதைக் காப்பாற்றிவிடும். பனிக்காலத்து வடக்கில் அப்படி நம்பியிருக்க முடியாது. வானிலைக்கு இடம்விட்டுத்தான் நாட்களைக் கணக்கிட வேண்டும்.

அங்கே ஏன் இத்தனை பனி என்று தெரிந்துகொண்டால் இடத்தைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிறது. குளிர்காலம் முழுவதும் சைபீரியாவிலிருந்து வறண்ட கடுங்குளிர்க் காற்று ஜப்பானை நோக்கி வீசுகிறது. வழியில் இருக்கும் ஜப்பான் கடலில், தெற்கிலிருந்து வரும் சுஷிமா வெப்ப நீரோட்டத்தால் நீர் அந்தக் காற்றைவிடச் சூடாகவே இருக்கும். காற்று அதன்மேல் கடந்துவரும்போது ஈரத்தை வாரிக்கொண்டு, ஹொன்ஷு தீவின் நடுவே நீளும் மலைத்தொடரில் மோதி மேலெழுந்து, சுமந்துவந்ததையெல்லாம் மேற்குச் சரிவில் பனியாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றில் மிச்சம் அதிகம் இருப்பதில்லை. அதனால்தான் பசிபிக் பக்கத்துச் செண்டாய் நகரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது, அங்கிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத் தொலைவிலுள்ள யமகதாவில் கூரைகள் பனியில் புதைந்திருக்கும். ஹொன்ஷுவின் வட முனையிலுள்ள அவோமோரிக்கு மேலே ஹக்கோடா மலையிலுள்ள சுகாயு என்ற வெந்நீர் ஊற்றுத் தலத்தில் 2013 பிப்ரவரியில் தரையில் குவிந்திருந்த பனியின் ஆழம் 566 செ.மீ. ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு. ஏறக்குறைய 20 லட்சம் பேர் வாழும் சப்போரோ நகரிலேயே ஒரு குளிர்காலத்தில் விழும் பனியைக் கூட்டினால் ஐந்து மீட்டரை நெருங்கும். இத்தனைக்கும் சப்போரோ 43ஆவது அட்சரேகையில்தான் இருக்கிறது. ஐரோப்பாவின் தென்பகுதி ஊர்கள் பல அதே கோட்டில் இருக்கின்றன.

சப்போரோ இருக்கும் வடக்குத் தீவான ஹொக்கைடோவா, ஹொன்ஷுவின் வடபகுதியான தோஹோகுவா என்பது முதல் பெரிய முடிவு. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும், ஆனால் அதன் அளவு நம்மை ஏமாற்றக்கூடியது. சப்போரோவிலிருந்து வடகிழக்குக் கரையோரத்து அபாஷிரிக்கு விரைவு ரயிலிலேயே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் 53.85 கி.மீ. நீளமுள்ள செய்கான் கடலடிச் சுரங்கத்தைக் கடந்து ஹொக்கைடோவின் தென்பகுதியிலுள்ள ஷின்-ஹகோதாதே-ஹொகுதோ நிலையம்வரை சுமார் நான்கு மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். சப்போரோவுக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் வேறு ரயிலில் போக வேண்டும். எனவே ஹொக்கைடோ மட்டும் என்றால் நியூ சிதோசே விமான நிலையத்தில் நேராக இறங்குவதுதான் விவேகம்; அங்கிருந்து சப்போரோவுக்கு ரயிலில் சுமார் 40 நிமிடங்கள். தோஹோகு என்றால் டோக்கியோவிலிருந்து மூன்றேகால் மணி நேரத்தில் ஷின்-அவோமோரியில் இறங்கிவிடலாம்.

தேதியைப் பொறுத்தவரை டிசம்பர் இறுதியை நான் முதலிலேயே தவிர்த்துவிட்டேன். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை கடைகளிலும் அருங்காட்சியகங்களிலும் பல மூடியிருக்கும், ஊருக்குப் போகிறவர்களால் ரயில்கள் நிரம்பி வழியும். தாழ்நிலங்களில் அப்போது பனி கெட்டிப்பட்டிருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. இன்னொன்று பகல் வெளிச்சம். டிசம்பர் கடைசியில் சப்போரோவில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். பிப்ரவரி தொடக்கத்தில் ஐந்து மணிவரை நீள்கிறது. ஒரு நாளில் ஒரு மணி நேர வெளிச்சம் கூடுதலாகக் கிடைப்பது சிறிய விஷயமில்லை.

பிப்ரவரி என்றதும் எல்லோரும் சொல்வது சப்போரோ பனித் திருவிழா. 1950இல் உள்ளூர் மாணவர்கள் ஓதோரி பூங்காவில் ஆறு பனிச் சிலைகளைச் செய்துவைத்ததில் தொடங்கியது அது. இன்று கட்டடங்கள் அளவுக்குச் சிலைகள் எழுகின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாரத்துக்கு நகரத்து விடுதிகளின் வாடகை ஏறும் ஏற்றத்தைப் பார்த்தால், விளக்கொளியில் ஒரு மாலை நடந்து பார்ப்பதற்கு அது அதிகம் என்பது என் கருத்து. திருவிழாவுக்காகப் போகிறவர்கள், ஏறக்குறைய அதே நாட்களில் பக்கத்து ஊரான ஓத்தாருவின் கால்வாயில் மெழுகுவிளக்குகள் மிதக்கவிடப்படும் விழாவையும் சேர்த்துக்கொண்டால் கொடுத்த பணத்துக்கு நியாயம் கிடைக்கும்.

ஹொக்கைடோவில் என்னை உண்மையில் இழுத்தது அபாஷிரியின் மிதக்கும் பனிக்கட்டிகள். அமூர் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் நன்னீரால் ஓக்கோட்ஸ்க் கடலின் மேலடுக்கில் உப்பு குறைந்து, அடியிலுள்ள உப்பு மிகுந்த நீரோடு கலக்காமல் தனி அடுக்காக நிற்கிறது. அந்த மெல்லிய அடுக்கு மட்டும் குளிர்ந்தால் போதும், கடல் உறைந்துவிடும். உறைந்த கட்டிகள் காற்றோடும் நீரோட்டத்தோடும் தெற்கே நகர்ந்து ஜனவரி இறுதியில் ஹொக்கைடோவின் கரையை நெருங்குகின்றன. அபாஷிரியிலிருந்து பனி உடைக்கும் கப்பலொன்று பயணிகளை ஏற்றிக்கொண்டு அவற்றுக்குள் போகிறது. சிக்கல் என்னவென்றால், ஒரே இரவில் காற்று திசை மாறினால் கட்டிகள் எல்லாம் அடிவானத்துக்கு அப்பால் போய்விடும். அன்று கப்பல் வெறும் கடலில்தான் சுற்றிவரும். அபாஷிரியில் குறைந்தது இரண்டு இரவுகளாவது தங்க முடியாதவர்கள் அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. என்னாலும் இம்முறை முடியாது என்பதால் ஹொக்கைடோவையே ஒதுக்கிவைத்துவிட்டேன்.

ஆக, தோஹோகு. அதிலும் முதலிடம் மரங்களுக்கு. ஜப்பானியர்கள் ஜுஹியோ என்று அழைக்கும் பனி மரங்களைப் படத்தில் பார்ப்பவர்கள், மரத்தின்மேல் பனி விழுந்து குவிந்திருப்பதாகவே எண்ணுவார்கள். நடப்பது அதுவன்று. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் மேகத்தில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள், பலத்த காற்றில் அடித்துவரப்பட்டு, அவோமோரி தோதோமாட்சு என்னும் ஊசியிலை மரத்தில் பட்ட கணத்தில் உறைகின்றன. அதன்மேல் பனித்துகள் ஒட்ட, மறுபடி துளிகள் உறைய, காற்று வரும் திசையை எதிர்த்தே அது அடுக்கடுக்காக வளர்கிறது. அருகில் போய்ப் பார்த்தால் இறால் வாலைப் போன்ற செதில்கள் காற்றை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். மரத்தின் மறுபக்கத்தில் அவை இருக்காது. பிப்ரவரி நடுவில் கிளை, இலை எதுவும் தெரியாமல் ஒவ்வொரு மரமும் ஒரு பூதமாக நிற்கும்.

இவற்றுக்குப் பேர்போன இடம் யமகதாவின் ஸாவோ மலை. 1,661 மீட்டர் உயரம்வரை கம்பிவண்டி கொண்டுபோகிறது. ஆனால் அங்கே புழுத் தாக்குதலும் அதைத் தொடர்ந்து பட்டைவண்டுகளும் ஏராளமான மரங்களைக் கொன்றுவிட்டன. பட்டுப்போன மரத்தில் ஊசியிலைகள் இல்லாததால் பனி அதே உருவில் பிடிப்பதில்லை. புதிய கன்றுகளை நடும் வேலை நடக்கிறது என்றாலும் அவை வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அவோமோரியின் ஹக்கோடா மலையிலும் ஜுஹியோ உண்டு, கம்பிவண்டியும் உண்டு; காற்று பலமாக வீசினால் வண்டியை நிறுத்திவிடுவார்கள் என்பது மட்டுமே குறை. சுகாயு அதே மலையில் இருப்பதால், அங்கே தங்கினால் ஒரு நாள் வண்டி ஓடாவிட்டாலும் மறுநாள் முயலலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே ஹக்கோடாவைத் தேர்ந்தெடுத்தேன். அவோமோரி நிலையத்திலிருந்து வரும் பேருந்து குளிர்காலத்தில் சுகாயுவோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் சாலை வசந்தம்வரை மூடப்பட்டிருக்கும். அங்குள்ள புகழ்பெற்ற மரக் குளியலறை ஆண் பெண் இருபாலருக்கும் பொதுவானது, பெண்களுக்கென்று காலையிலும் இரவிலும் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கூச்சம் உள்ளவர்கள் இதை முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

மலையிலிருந்து இறங்கியதும் கோஷோகவாரா. அங்கிருந்து ட்சுகாரு ரயில்வே என்ற சிறிய நிறுவனம் டிசம்பர் முதல் மார்ச் வரை அடுப்பு ரயில் ஒன்றை ஓட்டுகிறது. பழைய ரயில்பெட்டியில் உருண்டையான இரும்பு அடுப்பு, அதில் நிலக்கரி எரிகிறது. பயணிகள் வாங்கும் காய்ந்த கணவாயைப் பணியாளர்களே அதன்மேல் வாட்டிக் கிழித்துக் கொடுப்பார்கள். பெட்டி முழுவதும் அந்த வாடை நிறைந்திருக்கும் என்பதைச் சைவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

பிறகு அகிதா மாகாணத்து யோகோத்தே. பிப்ரவரி நடுவில் அந்த ஊரில் கமகுரா விழா நடக்கிறது. ஆள் நுழையும் அளவுக்குப் பனியைக் குடைந்து குடில் அமைத்து, உள்ளே நீர்த் தெய்வத்துக்கு ஒரு மாடம் வைத்து, குழந்தைகள் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிறவர்களை உள்ளே அழைத்து அமசாகே என்னும் இனிப்பான சூடான அரிசிப் பானமும் சுட்ட அரிசிப் பண்டமும் தருவார்கள். பெரிய சிலைகளைவிட இந்தச் சிறிய குடில்கள் எனக்கு உவப்பானவை என்பதால், பயணத்தின் மற்ற தேதிகள் எல்லாவற்றையும் இந்த விழா நாளிலிருந்து முன்னும் பின்னுமாக எண்ணித்தான் குறித்தேன். முடிவில் தஸாவா ஏரிக்கு மேலே நியூதோ வெந்நீர் ஊற்றுகளில் இரண்டு இரவுகள்.

பாரம்பரிய விடுதிகளில் அறை பிடிக்கும்போது சில பழக்கங்களைக் கவனிக்க வேண்டும். வாடகை அறைக்கு அன்று, ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு. இரவு உணவும் காலை உணவும் அதில் அடங்கும். இரவு உணவு ஆறு, ஆறரைக்கே பரிமாறப்படும், எனவே அதற்கு முன்பாகப் போய்ச் சேர வேண்டும்; ரயில் தாமதமானால் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். சைவ உணவுதான் பெரிய சிக்கல். மீனோ இறைச்சியோ கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், காய்ந்த சூரை மீனிலிருந்து எடுக்கும் தாஷி என்ற சாறு குழம்பு, அவியல், சூப் எல்லாவற்றிலும் இருக்கும். வந்த பிறகு சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. முன்பதிவின்போதே, மீன் சாறும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிக் கேட்டு, முடியாது என்று பதில் வந்தால் உணவில்லாத கட்டணத்தில் தங்கிக்கொண்டு, வரும் வழியில் வாங்கிய உமே என்னும் புளிப்புப் பழத்தின் ஊறுகாய் வைத்த சோற்று உருண்டைகளால் சமாளிக்கலாம். மலையில் கடைகள் இருக்காது என்பதால் வாங்க வேண்டியதை அடிவாரத்திலேயே வாங்கிவிட வேண்டும்.

கார் எடுக்கலாமா என்று வீட்டில் கேட்டார்கள். வடக்கில் வாடகைக் கார்களுக்குப் பனிச் சக்கரங்கள் போட்டிருப்பார்கள், ஓட்டுவதும் இடப்பக்கம்தான். ஆனால் ஹொக்கைடோ, வட தோஹோகு சாலைகளின் ஓரத்தில் தலைக்கு மேலே கீழ்நோக்கிய சிவப்பு வெள்ளை அம்புக்குறிகள் வரிசையாகத் தொங்குவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பனியில் சாலை எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகும்போது ஓட்டுநருக்கு அதைக் காட்டத்தான் அவை. அப்படி ஓர் ஏற்பாடு தேவைப்படும் சாலையில், பனியில் ஓட்டிப் பழகாத நான் கார் ஓட்டப் போவதில்லை.

ரயிலும் முழுப் பாதுகாப்பன்று. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் சப்போரோவில் 24 மணி நேரத்தில் 60 செ.மீ. பனி கொட்டியபோது சப்போரோ நிலையத்துக்கு வந்துபோகும் ரயில்கள் அனைத்தும் நின்றன. சீராகப் பல நாட்கள் ஆயின. ஆகவே நாடு திரும்பும் நாளுக்கு முந்தைய இரவை டோக்கியோவில் வைத்திருக்கிறேன். அதற்கும் முன்னால் எந்த ஊருக்கும் ஒதுக்காமல் ஒரு நாளைச் சும்மா விட்டிருக்கிறேன். எல்லாம் ஒழுங்காக ஓடினால் அந்த நாளில் அகிதாவிலோ செண்டாயிலோ சுற்றிக்கொள்ளலாம்.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி என்றால் ரயிலுக்குள் வியர்க்கும் அளவுக்குச் சூடேற்றியிருப்பார்கள். ஒரே தடித்த அங்கியைவிடக் கழற்றி மாட்டக்கூடிய மூன்று அடுக்குகள் மேல். குளிரைவிட ஆபத்தானது வழுக்கல். மிதிபட்டு மிதிபட்டுக் கண்ணாடியாகிவிட்ட நடைபாதைகளில் சாதாரணக் காலணி நிற்காது. காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் முட்பட்டைகளை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம், பனி ஊர்களில் சிறு கடைகளிலும் கிடைக்கும்.

இனி சீட்டுகள். நாடு முழுவதற்குமான ஏழு நாள் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டதால் இந்தப் பயணத்துக்கு அது கட்டுப்படியாகாது. கிழக்கு ஜப்பான் பகுதிக்கு மட்டுமான பாஸே போதும். பாஸ் கையில் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் அவோமோரிக்குப் போகும் ஹயாபுசா, அகிதாவிலிருந்து திரும்பும் கொமாச்சி என்ற இரண்டு ஷின்கான்சென் ரயில்களிலும் முன்பதிவில்லாத பெட்டிகளே கிடையாது. முன்பதிவு பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரப்படி காலை 10 மணிக்குத் திறக்கும். யோகோத்தே விழாவை ஒட்டிய நாட்களுக்கான கொமாச்சி இருக்கைகளை அந்த முதல் நாளிலேயே எடுத்துவிடுவதாக இருக்கிறேன்.