கண்ணெதிரே காணாமல் போன 512 ஜிபி

லேப்டாப்பில் விண்டோஸோடு கூடவே லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தையும் நிறுவும்போது, எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று கேட்கும் பக்கம் வரை ஒரு சிக்கலும் இல்லை. அங்கே போய்ப் பார்த்தால் நான் சொருகியிருந்த 16 ஜிபி பென்டிரைவ் மட்டும்தான் பட்டியலில் இருக்கிறது. லேப்டாப்பின் 512 ஜிபி எஸ்எஸ்டியைக் காணோம். வெளியே வந்து ரீஸ்டார்ட் செய்தால் அதே எஸ்எஸ்டியிலிருந்து விண்டோஸ் ஜம்மென்று எழுந்து நிற்கிறது.

அதைப் பார்த்தபோதே டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. பென்டிரைவில் கோளாறு என்று நினைத்து ரூஃபஸ் என்ற மென்பொருளால் மின்ட்டை அதில் மறுபடி எழுதினேன். அப்புறம் வேறொரு பென்டிரைவ். கடைசியில் ஸ்க்ரூடிரைவர் எடுத்து லேப்டாப்பின் அடிமூடியையே கழற்றி, எஸ்எஸ்டியை உருவித் துடைத்து மறுபடி சொருகினேன். ஒரு திருகு இன்னும் மேசைக்கு அடியில் எங்கோ கிடக்கிறது.

இரவு பத்து மணிக்கு நண்பனுக்கு போன் போட்டேன். சர்வர்களோடு குடித்தனம் நடத்துகிறவன். "மச்சான், கழட்டினது போதும். லைவ்ல பூட் பண்ணி டெர்மினலைத் திற. டீமெஸ்ஜி அடிச்சு அதுல என்விஎம்இ-ன்னு தேடு" என்றான். லைவ் என்றால் மின்ட்டை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டுவது. டீமெஸ்ஜி என்பது பூட் ஆகும்போது லினக்ஸ் எழுதிவைக்கும் குறிப்புகளைக் காட்டும் கட்டளை. என்விஎம்இ என் எஸ்எஸ்டியின் வகை. தேடினேன். ஒரு என்விஎம்இ சாதனம் இடம் மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது, அதைப் பயன்படுத்த பயாஸில், அதாவது இயங்குதளத்துக்கு முன்பே எழும் அமைப்புப் பக்கத்தில், ரெய்டு முறையிலிருந்து ஏஎச்சிஐ முறைக்கு மாற்று என்று லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் தெளிவாகவே சொல்லியிருந்தது. பூட் ஆன ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறது. நான்தான் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். கர்னல் ரெய்டு என்று சொன்னது இன்டெலின் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி, சுருக்கமாக ஆர்எஸ்டி, என்ற முறையை. அப்படி அமைத்துத்தான் லேப்டாப் வந்திருக்கிறது. இந்த முறையில் என்விஎம்இ டிஸ்க் தனியாகத் தலைகாட்டாது, டிஸ்க்குகளை நிர்வகிக்கும் சாட்டா கன்ட்ரோலருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏஎச்சிஐ முறையில் நேராகவே தெரியும். பின்கட்டில் குடியிருப்பவரைப் பார்க்க முன்கட்டுக்காரர் வழிவிட வேண்டும், அதுபோல. விண்டோஸிடம் அதற்கான டிரைவர் இருக்கிறது. லினக்ஸுக்கோ பின்கட்டில் ஆள் இருப்பது தெரிகிறது, உள்ளே போக வழி இல்லை.

எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போனேன். ஏஎச்சிஐ என்ற வார்த்தையே எந்தப் பக்கத்திலும் இல்லை. அரைமணி நேரத் தேடலுக்குப் பிறகு தெரிந்தது, இந்த மாடலில் மெயின் பக்கத்தில் நின்றுகொண்டு கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் அந்த வரியே முளைக்கும். மாற்றினேன். மின்ட்டில் டிஸ்க் வந்துவிட்டது! குஷியில் விண்டோஸையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனால் நீலத்திரை. பூட் செய்ய வேண்டிய டிஸ்க்கை அணுக முடியவில்லையாம்.

அன்று மாதத்தின் 18-ஆம் தேதி. என் மனைவி ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கணக்கு எழுதுகிறாள். டேலி முழுக்க அந்த விண்டோஸில். 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்கைப் போட்டாக வேண்டும். அடுத்த அறையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

பயாஸில் பழையபடி மாற்றியதும் விண்டோஸ் திரும்பி வந்தது. போன மூச்சும் வந்தது.

மறுநாள் நண்பன் சொன்ன முறையில் செய்தேன். முதலில் அவன் கேட்டது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் பற்றி. பார்த்தால், நாங்கள் கேட்காமலே டிஸ்க் குறியாக்கம் ஆகியிருந்தது. முந்தின இரவு அது 48 இலக்கச் சாவியைக் கேட்டிருந்தால் என் கதி அதோகதிதான். மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, டேலி கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, குறியாக்கத்தை நிறுத்தினேன். அது முடியவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அப்புறம் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புப் பெட்டியைத் திறந்து, அடுத்த முறை சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் முறையில், எழும்படி டிக் செய்தேன். ரீஸ்டார்ட் ஆகும்போதே எஃப்2, ஏஎச்சிஐ, சேமி. சேஃப் மோடில் எழுந்த விண்டோஸ் தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே போட்டுக்கொண்டது. டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் செய்தேன், நீலத்திரை இல்லை. இந்தச் சேஃப் மோடு சங்கதியை முந்தின இரவே செய்திருந்தால் என் வயிற்றில் புளி கரைந்திருக்காது.

மிச்சமெல்லாம் சுலபம். விண்டோஸை முழுதாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்து, விண்டோஸுக்குள்ளிருந்தே சி டிரைவைச் சுருக்கி 120 ஜிபி ஒதுக்கினேன். மின்ட் நிறுவி முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

20-ஆம் தேதி காலை பத்தரைக்கு மனைவி லேப்டாப்பைத் திறந்தாள். "என்னங்க, மணி அஞ்சுன்னு காட்டுது?" லினக்ஸ் கணினியின் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதையே நம்மூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே ஐந்தரை மணி நேரம் பின்னால். லினக்ஸில் ஒரே ஒரு கட்டளை போட்டு, உள்ளூர் நேரத்தையே பின்பற்றச் சொல்லிச் சரிசெய்தேன். இரண்டு நாளாக நடந்த கூத்தையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

"டேலில தேதி மாறாம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு அவள் வவுச்சர் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள்.