நொடிக்கு 29 மெகாபைட்டிலிருந்து 103 வரை: பழைய மடிக்கணினியில் வெளி வன்தட்டு

கூந்தன்குளத்துக்கும் சுற்றியுள்ள குளங்களுக்கும் பல ஆண்டுகளாகப் போய் எடுத்த பறவைப் படங்கள் 410 ஜிகாபைட் அளவுக்கு என் மடிக்கணினியில் சேர்ந்துவிட்டன. அவற்றை வெளி வன்தட்டு ஒன்றில் முழுமையாகப் படியெடுத்து வைக்க உட்கார்ந்தபோது, வேலை முடிய ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக ஆயிற்று. அந்த வன்தட்டையே அக்கா மகனுடைய புதிய கணினியில் செருகினால் நொடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேல் எழுதுகிறது. என் மடிக்கணினியில் 29-ஐத் தாண்டவில்லை. கணினியை மாற்றிவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அதன் விசைப்பலகையும் திரையும் இன்னும் நன்றாக இருக்கின்றன. உள்ளே நானே மாற்றிப் பொருத்திய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) நொடிக்கு 260 மெகாபைட் வேகத்தில் படிக்கிறது. ஆகவே தாமதம் எந்த இடத்தில் ஏற்படுகிறது என்பதை அளந்து பார்க்காமல் அதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

இது 2010-ஆம் ஆண்டின் இயந்திரம். முதல் தலைமுறை கோர் ஐ5 செயலி, 4 ஜிகாபைட் ரேம், லினக்ஸ் இயங்குதளம். யுஎஸ்பி 3.0 தரநிலை 2008 நவம்பரிலேயே வெளிவந்துவிட்டது என்றாலும், இன்டெல் தன் சிப்செட்டுக்குள் (செயலியை மற்றப் பாகங்களோடு இணைக்கும் சிப்) அதைச் சேர்த்தது 2012-இல்தான். இடைப்பட்ட காலத்து மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றைப் போல இதிலும் இருப்பவை 2000-ஆம் ஆண்டுத் தரநிலையான யுஎஸ்பி 2.0 போர்ட்டுகள் மட்டுமே.

முதலில் அளக்கும் முறையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. திரையில் நகரும் முன்னேற்றப் பட்டையை நம்பி வேகத்தைக் கணக்கிட முடியாது. லினக்ஸ் கோப்பை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாக வன்தட்டுக்கு அனுப்புகிறது. அதனால் தொடக்கத்தில் நொடிக்கு 200 மெகாபைட் என்று காட்டி, சிறிது நேரத்தில் அப்படியே நின்றுபோய், நூறு விழுக்காடு ஆன பிறகும் வன்தட்டைக் கழற்ற விடாமல் சில நிமிடங்கள் காக்க வைக்கிறது. எனவே, படியெடுத்து முடித்ததும், ரேமில் மீதமிருப்பதை எல்லாம் வன்தட்டில் எழுதி முடிக்கச் செய்யும் 'சிங்க்' கட்டளையை இயக்கி, அது திரும்பி வரும் வரையிலான மொத்த நேரத்தையே ஒவ்வொரு முறையும் குறித்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் உள்ள எண்கள் எல்லாம் அப்படி எடுத்தவை.

யுஎஸ்பி 2.0-இன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், எட்டால் வகுத்தால் 60 மெகாபைட் வர வேண்டுமே, 29 ஏன் என்ற கேள்விக்கு விடை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அந்தப் பாதையில் நேரம் 125 மைக்ரோ நொடித் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு துண்டுக்குள் 512 பைட் கொண்ட பொட்டலங்கள் அதிகபட்சம் 13 மட்டுமே செல்லலாம். நொடிக்கு 8,000 துண்டுகள் என்பதால், கணக்குப்படி எட்டக்கூடிய உச்சமே 53 மெகாபைட்தான். அதற்கும் மேலாக, வன்தட்டோடு பேசும் பழைய முறையில் முதலில் 31 பைட் கட்டளை, பிறகு தரவு, பிறகு 13 பைட் பதில் என்று வரிசையாகவே எல்லாம் நடக்க வேண்டும். முன்னது முடிந்து பதில் வந்தால்தான் அடுத்த கட்டளை புறப்படும். ஒரே பாதையில் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் தரவு போக முடியும் என்பதும் சேர்ந்துகொள்ள, நடைமுறையில் 30 முதல் 40 மெகாபைட் கிடைத்தாலே நல்ல நிலை. ஆகவே என்னுடைய 29 என்பது பழுதைக் காட்டும் எண் அன்று. அந்தப் போர்ட்டின் இயல்பான எல்லைக்கு அருகில் இருக்கும் எண்.

எல்லைக்கும் கீழே போன இரண்டு சந்தர்ப்பங்கள் இருந்தன. அவற்றைத்தான் முதல் ஞாயிறு கண்டுபிடித்தேன். 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையை மர வடிவில் காட்டச் சொன்னால், எந்தச் சாதனம் எந்தக் கட்டுப்படுத்தியின் (போர்ட்டுகளை நிர்வகிக்கும் சுற்று) கீழ் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று வரிசையாகத் தெரிகிறது. மேசைக்குப் பின்னால் எட்டுவதற்காக நான் பயன்படுத்தி வந்த நீட்டிப்பு வடத்தின் வழியாக இணைத்தால், சில நேரங்களில் வன்தட்டுக்கு எதிரே 480-க்குப் பதிலாக 12 என்று இருந்தது. வடம் தரமில்லாததால் உயர்வேகப் பேச்சுவார்த்தை தோற்று, 1990-களின் வேகத்துக்கு இணைப்பு இறங்கியிருக்கிறது. அந்த நிலையில் நொடிக்கு ஒரு மெகாபைட்தான். வடத்தை எடுத்துவிட்டு நேரடியாகச் செருகியதும் அது சரியாயிற்று.

இரண்டாவது, கேமரா அட்டையிலிருந்து வெளி வன்தட்டுக்கு நேராகப் படியெடுக்கும்போது 15 மெகாபைட்டாகக் குறைந்தது. மரப் படத்தைப் பார்த்தபோது காரணம் தெளிவாயிற்று. இந்தச் சிப்செட்டில் யுஎஸ்பி 2.0 கட்டுப்படுத்திகள் இரண்டு இருக்கின்றன. இடப்பக்கத்து போர்ட்டுகளும் உள்ளே பொருத்தப்பட்ட அட்டை வாசிப்பானும் ஒன்றின் கீழ் வருகின்றன, வலப்பக்கத்துப் போர்ட்டுகள் மற்றொன்றின் கீழ் வருகின்றன. இடப்பக்கத்தில் வன்தட்டைச் செருகினால், படித்து வருவதும் எழுதப் போவதும் ஒரே 480 மெகாபிட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. வன்தட்டை வலப்பக்கம் மாற்றியதும் வேகம் 22-க்கு உயர்ந்தது. அது அட்டையின் சொந்த எல்லை. ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்த இந்த முன்னேற்றம் எனக்குப் பெரும் ஊக்கமளித்தது. இரண்டு சாதனங்களை வைத்து வேலை செய்பவர்கள் எல்லோரும் தங்கள் கணினியில் இதை ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

அடுத்த ஞாயிறு சிறு கோப்புகளைக் கவனித்தேன். 16,500 படங்களுக்குமான திருத்தக் குறிப்புகளும், படத்தொகுப்பு மென்பொருள் பல அளவுகளில் உருவாக்கி வைத்திருக்கும் முன்தோற்றச் சிறுபடங்களும் சேர்ந்து 81,000 கோப்புகள். மொத்த அளவோ 1.9 ஜிகாபைட்தான். ஆனால் இவை மட்டும் 52 நிமிடங்களை எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு கோப்புக்கும் பெயரைப் பதிந்து, இடம் ஒதுக்கி, அட்டவணையைத் திருத்தி, மீண்டும் தரவுக்கு வர வன்தட்டின் முள் அங்குமிங்கும் ஓட வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன கட்டளை, தரவு, பதில் என்ற சுற்றும் ஒவ்வொரு முறையும் நடக்கிறது. இங்கே போர்ட்டின் அகலம் எவ்வளவு இருந்தாலும் பயன் குறைவு. 'டார்' கட்டளையால் அவற்றை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பினேன். ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. கட்டுக்குள்ளிருந்து ஒரு கோப்பை மட்டும் உடனே திறக்க முடியாது என்பது குறைதான். காப்புக்காக வைக்கும் பிரதிக்கு அது பொருட்டன்று என்று முடிவு செய்தேன்.

பெரிய படக் கோப்புகளுக்கு வேறு வழி தேவைப்பட்டது. யுஎஸ்பி போர்ட் பழையதாக இருந்தாலும் இந்த மடிக்கணினியின் ஈதர்நெட் போர்ட் நொடிக்கு 1,000 மெகாபிட் கொள்ளளவு உடையது. அதாவது யுஎஸ்பி 2.0-ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல். இது கண்ணெதிரே இருந்தும் நான் நினைத்துப் பார்க்காத வழி. வன்தட்டை அக்கா மகனின் கணினியில் செருகி, இரண்டு கணினிகளையும் சாதாரண வலைவடம் ஒன்றால் நேராக இணைத்தேன். இந்த 1,000 மெகாபிட் இணைப்பில் கம்பிகளின் திசையைக் கணினிகளே அறிந்து சரிசெய்துகொள்வதால், குறுக்குக் கம்பி வடம் என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. இரண்டுக்கும் கையால் முகவரி கொடுத்து, கோப்புகளைப் படியெடுக்கும் 'ஆர்சிங்க்' நிரல் மூலம் மறையாக்கத்துடன் அனுப்பியபோது 62 மெகாபைட் வந்தது. பழைய செயலிதான் அங்கே மூச்சு வாங்கியது. வீட்டுக்குள் இரண்டு கணினிகளுக்கு இடையே ஓடும் ஒரே வடம் என்பதால் மறையாக்கம் இல்லாத முறைக்கு மாற்றினேன், 98 ஆயிற்று. கம்பியில்லா இணைப்பில் இதையே முயன்றபோது 8-ஐத் தாண்டவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு வாரமும் அக்கா வீட்டுக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போவது நடக்கிற காரியமன்று. மூன்றாம் வாரம் சென்னைக்குப் போக நேர்ந்தபோது, மடிக்கணினியின் பக்கவாட்டில் இதுவரை ஒரு முறையும் பயன்படாமல் பிளாஸ்டிக் அட்டையால் மூடிக் கிடந்த, கூடுதல் அட்டைகளைச் செருகுவதற்கான எக்ஸ்பிரஸ்கார்டு துளை நினைவுக்கு வந்தது. 2003-இல் உருவான இந்தத் தரநிலையின் சிறப்பு, அது கணினிக்குள் பாகங்களை இணைக்கும் வேகமான பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை ஒன்றை நேராக வெளியே கொண்டுவருகிறது என்பதே. முதல் தலைமுறைப் பாதையில் நொடிக்கு 250 மெகாபைட் செல்லும். அதில் செருகக்கூடிய யுஎஸ்பி 3.0 அட்டை ஒன்றை ரிச்சி தெருவில் ஏழெட்டுக் கடைகளில் கேட்டேன். கடைசியாக ஒருவர், "சார், இதைக் கேட்டு ஆள் வந்து வருஷக் கணக்காச்சு" என்று சொல்லி, உள்ளிருந்த பெட்டியில் தேடி எடுத்துக் கொடுத்தார். 34 மில்லிமீட்டர் அகலம், நெக் நிறுவனத்தின் சிப், விலை 650 ரூபாய்.

வீட்டுக்கு வந்து செருகியதும் அட்டை அடையாளம் காணப்பட்டது. மரப் படத்தில் 480-க்குப் பதிலாக, யுஎஸ்பி 3.0-இன் வேகமான 5000 மெகாபிட் என்று பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. ஆனால் வன்தட்டை இணைத்தவுடன் டிக் டிக் என்று ஓசையிட்டு அணைந்து, மீண்டும் உயிர்பெற்று, மீண்டும் அணைந்தது. எக்ஸ்பிரஸ்கார்டு துளையில் 3.3 வோல்ட்டும் 1.5 வோல்ட்டும் மட்டுமே உண்டு. யுஎஸ்பிக்குத் தேவையான 5 வோல்ட் கிடையாது. அட்டையே 3.3-ஐ உயர்த்திக் கொடுக்க வேண்டும். யுஎஸ்பி 3.0 சாதனம் 900 மில்லி ஆம்பியர் வரை கேட்கலாம் என்னும்போது, சுழலத் தொடங்கும் வன்தட்டுக்கு அது போதவில்லை. அட்டையின் ஓரத்தில் சிறு மின்துளை ஒன்று இருப்பது அப்போதுதான் எதற்கென்று புரிந்தது. பொருத்தமான முனை கொண்ட வடம் ஒன்றை வாங்கி, கைபேசி சார்ஜரிலிருந்து 5 வோல்ட்டை அதற்குக் கொடுத்த பிறகு ஒரு முறைகூட இணைப்பு அறுந்ததில்லை. இப்படி அட்டை வாங்குகிறவர்கள் மின்துளை உள்ளதையே கேட்டு வாங்குங்கள். இல்லாததை வாங்கினால் பென் டிரைவுக்கு மேல் எதற்கும் நம்ப முடியாது.

மின்சாரம் சரியான பிறகும் 68-க்கு மேல் ஏறவில்லை. அடைப்பு இப்போது போர்ட்டில் இல்லை. செயலியின் பயன்பாட்டைப் பார்த்தபோது, வன்தட்டில் இருந்த, விண்டோஸுக்கு உரிய என்டிஎஃப்எஸ் கோப்பமைப்பைக் கையாளும் நிரல் செயலியின் ஒரு கருவை முழுவதுமாக எடுத்துக்கொண்டிருந்தது. நான் பயன்படுத்திய அந்த நிரல், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு வெளியே இயங்குவது. ஒவ்வொரு துண்டுத் தரவும் உள்ளும் வெளியும் போய்வர வேண்டும். யுஎஸ்பி 2.0-இன் வேகத்தில் இந்தச் சுமை கண்ணுக்கே தெரியவில்லை. தலைமடையை அகலப்படுத்திய பிறகுதான் வாய்க்காலின் நடுவில் இருந்த அடைப்பு தெரிந்தது. இந்த வன்தட்டை லினக்ஸ் கணினிகளில் மட்டுமே பயன்படுத்துகிறேன் என்பதாலும், 2016-இல் எடுத்த இன்னொரு பிரதி பழைய வன்தட்டு ஒன்றில் இருந்ததாலும், துணிந்து லினக்ஸின் சொந்தக் கோப்பமைப்பான இஎக்ஸ்டி4-க்கு மாற்றி வடிவமைத்தேன். தொடக்கத்தில் 112, தட்டின் உள்வட்டங்களை நெருங்க நெருங்கக் குறைந்து, சராசரி 103. முழுத் தொகுப்பும் 67 நிமிடங்களில் முடிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, எஸ்எஸ்டி ஒன்றை வெளிப் பெட்டியில் போட்டு அதே அட்டையில் இணைத்தபோது 172 வந்தது. ஆகவே படியெடுக்கும் வேகத்துக்கு இனி வன்தட்டே எல்லை.

இந்த வேகம் கிடைத்ததில் நான் மிகவும் மதிப்பது வேறொன்றை. முன்பெல்லாம் படியெடுத்து முடித்ததும் சோர்ந்துபோய், பிரதி மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று ஒரு முறையும் சரிபார்த்ததில்லை. அதற்கு இன்னும் நான்கு மணி நேரம் படித்தாக வேண்டும். இப்போது நான்காம் ஞாயிறு, கோப்பு ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்புத் தொகையை (உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும் எண்) கணக்கிட்டுப் புதிய பிரதியை முழுமையாக ஒப்பிட்டேன், எல்லாம் ஒத்திருந்தன. அதே கையோடு 2016-ஆம் ஆண்டின் பழைய வன்தட்டையும் அட்டையில் செருகி ஒப்பிட்டேன். அதில் மூன்று கோப்புகள் அளவில் மூலத்தோடு சரியாக இருந்தும் உள்ளடக்கத்தில் வேறுபட்டன. திறந்தால் படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறப் பட்டைகளாக இருந்தது. மூன்றும் ஒரே காலையில் எடுத்தவை, வேப்பமரக் கிளையில் கூடு கட்டிய மஞ்சள்மூக்கு நாரையின் படங்கள். மடிக்கணினியில் உள்ள மூலங்கள் நலமாக இருந்ததால், அவற்றை மீண்டும் எழுதி, மறுபடியும் ஒப்பிட்டு, பழைய வன்தட்டை அக்கா வீட்டு அலமாரிக்கு அனுப்பிவைத்தேன்.