கன்னியம்மாளின் அம்மை வீட்டு இசக்கி

எங்கள் வீட்டுக் கன்னிமூலையில் ஓர் ஓலைப்பெட்டி உண்டு. உள்ளே பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், சீப்பு, ரிப்பன். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பழையதை எடுத்துவிட்டுப் புதுசு வைத்து, பச்சரிசி மாவும் கருப்பட்டியும் படைப்போம். பாட்டாவின் (தாத்தாவின்) அக்காவுக்கு; ஏழு வயதில் காய்ச்சல் கண்டு இறந்துபோனவள். பெயர் சொல்வதில்லை, கன்னியம்மா என்றுதான் எல்லோருக்கும்.

அண்ணன் மகன் வம்சாவளி வரைந்தபோது, அவளுக்குக் கீழே யாரும் இல்லையே என்று விட்டுவிட்டான். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "கீழே இல்லேன்னா மேலே பாருடே" என்றார்.

மேலே பார்ப்பதில்தான் சிக்கல். பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் போகும் சாஸ்தா கோயில், பாட்டாவுடைய அப்பா வழி. பாட்டாவும் அக்காவும் பிறந்த காலத்திலோ நாஞ்சில்நாட்டு (இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதி) வேளாளரிடம் மருமக்கள்வழி இருந்தது. பிள்ளைகள் அம்மையின் குடும்பம். சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்கு. 1926-இல் திருவிதாங்கூரில் சட்டம் வந்த பிறகுதான் அது மாறியது. அவள் ஜாதகக் குறிப்பில் கொல்லம் 1098 தை என்றிருக்கிறது. தை மாதமாகையால் 825 கூட்ட வேண்டும், 1923. (ஆவணியில் பிறந்திருந்தால் 824தான்.) ஆக, சட்டத்துக்கு முன்பே அம்மை வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தவள்.

அந்த வீடு எது என்பது பழைய ஆதாரம் (சொத்துப் பத்திரம்) ஒன்றில் கிடைத்தது. மலையாள எழுத்து, 1956 நவம்பர் 1-க்கு முன்பு நாம் திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தோம்! தெரிந்த வாத்தியார் ஒருவர் வாசித்துச் சொன்னார்: பூதப்பாண்டிப் பக்கம்.

தோவாளையில் பிச்சியும் அரளியும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பூதலிங்கசுவாமியைக் கும்பிட்டுவிட்டு, அப்புறம் விசாரித்து விசாரித்துப் போனால், வயல்கரையில் சின்னக் கோயில். இடுப்பில் பிள்ளையோடு இசக்கி, பக்கத்தில் மாடன் பீடம். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் தொட்டில் கட்டிப் பிள்ளை வரம் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இவளிடம்தான் வந்து நின்றிருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் பட்டது.

அப்பா புதுப் பாவாடையை அம்மன் காலடியில் வைத்து வாங்கினார். பூசாரி வயதானவர்; யார் என்ன என்று கேட்டார். வீட்டுப் பெயரைச் சொன்னதும், "அந்த வீட்டுப் பொம்பளப்பிள்ளை வழியா? பின்னே வரணும்லா" என்று உட்காரச் சொன்னார்.

கொடை வரி, அதாவது கோயில் திருவிழாவுக்குக் குடும்பங்கள் கொடுக்கும் பங்கு, கட்டுகிறோம் என்றார் அப்பா. அங்கேதான் பேச்சு நீண்டது. வரி நோட்டில் இப்போது ஆண்வழிக் குடும்பங்கள் மட்டும்தான். கூட இருந்தவர், "வரி வாங்க முறையில்லை, நன்கொடைன்னு எழுதிக்கிடலாம்" என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பூசாரி விடவில்லை. "மருமக்கள்வழி காலத்துல இவங்கதாம்டே மொத வரிக்காரங்க. நாமதான் பொறத்தி, வெளியாளு" என்றார்.

கடைசியில் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, அப்பா பெயரில் முழு வரி எழுதினார்கள்.